எடுக்கப்படாத ஆளின் வேலை

கேள்வி: எனக்கு வயது 31. பெருங்குடியில் வேகமாக வளர்ந்துவரும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் சேர்ந்தபோது நாற்பது பேர். இன்று முந்நூறு பேர். என் டீமில் மட்டும் அன்றும் ஐந்து பேர், இன்றும் ஐந்து பேர். காலை பத்து மணிக்குப் போனால் இரவு பத்தரைக்குத்தான் கிளம்புகிறேன். வீட்டுக்கு வந்தும் அமெரிக்க வாடிக்கையாளர்களின் அழைப்பு, சனிக்கிழமை அரை நாள். டீமில் எல்லோருக்கும் இதே கதைதான். ஆறு மாதமாக ஞாயிறு மாலையே வயிறு கலங்கத் தொடங்கிவிடுகிறது. பார்க்கிங்கில் பைக்கை நிறுத்திவிட்டு, லிஃப்டில் ஏற மனம் வராமல் கால் மணி நேரம் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறேன். நான் எழுதிய புரோகிராம் கோடை மூன்று முறை சரிபார்த்தும் நம்பிக்கை வருவதில்லை. போன மாதம் புதிதாகச் சேர்ந்த பையனை எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அவன் கண் கலங்கி எழுந்து போனான். சில காலைகளில், வழியில் சின்ன விபத்து ஏதாவது நடந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தேன். அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். “ஏசி ரூம்ல உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு என்னடா களைப்பு, நான் டபுள் டியூட்டி பார்த்தவன்” என்கிறார். எனக்குத் தருவதாகச் சொன்ன நிறுவனப் பங்குகளில் கடைசிக் கால் பங்கு கைக்கு வர இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதா, ராஜினாமா செய்வதா? நான் சோம்பேறியாகிவிட்டேனா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். நீங்கள் சோம்பேறியாகவில்லை. சோம்பேறிக்குத் தான் எழுதிய கோடை மூன்று முறை சரிபார்க்கத் தோன்றாது. ஒரு பையனைக் கத்தியதற்காக ஒரு மாதம் கழித்தும் மனம் உறுத்தாது.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது விபத்தைப் பற்றிய அந்த ஒரு வரியைத்தான். மனநல மருத்துவராக என் அறையில் அமர்ந்து பலர் இதை ஏறக்குறைய இதே சொற்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். விடுப்புக் கேட்க வாய் வராத ஒருவருக்கு, யாராலும் மறுக்க முடியாத ஒரே விடுப்பு மாவுக்கட்டுப் போட்ட கால்தான் என்று தோன்றத் தொடங்கிவிட்டால், அவர் தம் தாங்கும் எல்லையைக் கடந்து வெகு நாளாகிவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்வேன். நேரில் வந்திருந்தால் உடனே இன்னொரு கேள்வியும் கேட்டிருப்பேன். அதை இங்கேயே கேட்கிறேன். பத்து நாள் படுத்திருந்தால் போதும் என்ற எண்ணம், எழுந்திருக்காமலே போனால் என்ன என்று எப்போதாவது மாறியிருக்கிறதா? ஒரு முறை மாறியிருந்தால்கூட, நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் இன்று இரவே மனைவியிடம் சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அப்படி எதுவும் இல்லை என்றாலும், சில வாரங்களுக்குப் பைக்கை எடுக்காதீர்கள். குறைந்த தூக்கத்துடன், விபத்து வந்தால் தேவலை என்ற நினைப்புடன், பழைய மகாபலிபுரம் சாலையின் நெரிசலில் இரு சக்கர வாகனம் ஓட்டுவதை ஒரு மருத்துவராக என்னால் ஏற்க முடியாது. பேருந்தில் போங்கள், அரை மணி தாமதமானால் ஆகட்டும்.

இனி உங்களுக்கு நேர்ந்திருப்பது என்ன என்று பார்ப்போம். இதற்குப் பெயர் பர்ன்அவுட், அதாவது வேலையால் உள்ளே எரிந்து வற்றிப்போவது. இந்தச் சொல்லை 1974-இல் மருத்துவ எழுத்துக்குள் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் தாமும் உழைத்துக்கொண்டே, உடன் உழைத்தவர்களைப் பார்த்து அவர் எழுதினார். அவர் கவனித்தவர்கள் கடமைக்காக வந்துபோனவர்கள் அல்லர். சம்பளத்தைப் பெரிதாக நினைக்காமல், அந்த இடத்தின் நோக்கத்தை நம்பி, பகல் வேலை முடிந்த பிறகும் வந்து நின்றவர்கள். மிகுந்த ஈடுபாட்டோடு வந்தவர்களே முதலில் வற்றிப்போனார்கள் என்பதே அவருடைய குறிப்பின் சாரம். நாற்பது பேர் இருந்த காலத்தில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, அது முந்நூறாக வளர்ந்ததைத் தம் வளர்ச்சியாகவே எண்ணி மகிழ்ந்தவர் நீங்கள். அதனால்தான் இது உங்களைப் பிடித்திருக்கிறது.

2019-இல் உலக சுகாதார நிறுவனம் சர்வதேச நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் பர்ன்அவுட்டைச் சேர்த்து அதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி வற்றிப்போன களைப்பு, வேலையிலிருந்தும் உடன் இருப்பவர்களிடமிருந்தும் மனம் விலகிக் கசந்துபோவது, நாம் செய்வது எதுவும் உருப்படியாக இல்லை என்ற உணர்வு. பைக்கின் மேல் உட்கார்ந்திருந்த கால் மணி நேரம், கண் கலங்கிப் போன பையன், மூன்று முறை சரிபார்த்த கோடு என்று மூன்றையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வகைப்பாட்டில் என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமான செய்தி வேறொன்று. பர்ன்அவுட்டை அவர்கள் ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. வேலை சார்ந்த ஒரு நிகழ்வாக, சமாளிக்கப்படாமல் நாள்பட்டுப்போன பணியிட அழுத்தத்தின் விளைவாகச் சேர்த்தார்கள். எனவே காரணத்தை உங்கள் உடம்புக்குள் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி அலுவலகத்தில் இருக்கிறது.

அதற்காக உடம்பைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, வைட்டமின் பி12, ரத்த அழுத்தம் ஆகியவற்றை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். படபடப்போ நெஞ்சில் இறுக்கமோ இருந்தால் ஈ.சி.ஜி.யும் எடுக்க வேண்டும். மனச்சோர்வு நோய் ஒன்று பின்னால் இருக்கிறதா என்பதை ஒரு மனநல மருத்துவர் நேரில் பேசித்தான் தீர்மானிக்க வேண்டும். பொங்கலுக்கு ஊரில் இரண்டு நாள் நன்றாக இருந்தீர்கள் என்பது நல்ல அறிகுறி. மனச்சோர்வு முற்றியவருக்கு ஊருக்குப் போனாலும் பொங்கல் கசக்கும். ஆனால் பர்ன்அவுட்டைக் கவனிக்காமல் விட்டால் அது மனச்சோர்வாக மாறுவதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு நாள் நிம்மதி அடுத்த பொங்கலுக்கும் மிச்சமிருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

உங்கள் அப்பாவின் பேச்சு உங்களை எவ்வளவு புண்படுத்தியிருக்கிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அவர் சொல்வதில் பொய் இல்லை. இன்ஜின் சூட்டில், தாம்பரத்துக்கும் கும்பகோணத்துக்குமோ திருச்சிக்கும் மதுரைக்குமோ, ஐம்பது அறுபது உயிர்களைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டியவரின் உழைப்புக்கு முன்னால் நம்முடைய நாற்காலி வேலை சிறியதாகத்தான் தெரியும். ஆனால் அவருடைய டபுள் டியூட்டிக்கு உங்கள் வேலையில் இல்லாத சில விஷயங்கள் இருந்தன. அது டபுள் டியூட்டி என்று பெயர் சொல்லி அழைக்கப்பட்டது. இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்க்கிறார் என்பதை அந்தப் பெயரே ஒப்புக்கொண்டது. அது டிப்போவின் பதிவேட்டில் ஏறியது. அதற்கு ஈடாகப் பணமோ ஆஃபோ உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியை டிப்போவில் விட்டு இறங்கியதும் அது முடிந்தது. மறுநாள் ஆஃபில் அவர் திண்ணையில் படுத்துத் தூங்கும்போது எந்தப் பயணியும் வந்து எழுப்பியிருக்க மாட்டார். நீங்களும் மூன்று ஆண்டுகளாகப் பார்ப்பது டபுள் டியூட்டிதான். அதை எந்தப் பதிவேடும் ஏற்றவில்லை, யாரும் அந்தப் பெயரால் அழைக்கவில்லை, வண்டியை விட்டு நீங்கள் இறங்கவும் இல்லை. இதை அப்பாவிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள். டியூட்டி என்றால் என்ன, ஆஃப் என்றால் என்ன என்று நன்றாகத் தெரிந்தவர் அவர். உங்கள் மேலதிகாரியைவிட அவருக்கு இது சீக்கிரம் புரியும்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் எண்களில் போட்டுப் பார்ப்போம். நீங்கள் சொல்லும் நேரங்களைக் கூட்டினால், இரவு அழைப்புகளையும் சனிக்கிழமையையும் சேர்த்து வாரம் 70 மணியை நெருங்குகிறது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஒரு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்து, அதற்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் என்கிறது. 48 போக உங்களிடம் மீதி 22 மணி. ஐந்து பேருக்கும் இதே கதை என்றால் 110 மணி. அதாவது, வாரம் 48 மணி உழைக்கும் இரண்டு முழு ஆட்களின் வேலையும் அதற்கு மேல் கொஞ்சமும். மூன்று ஆண்டுகளில் ஏழு மடங்குக்கு மேல் பெருத்த ஒரு நிறுவனம், உங்கள் டீமுக்கு எடுக்க வேண்டிய அந்த இரண்டு பேரை எடுக்கவில்லை. அவர்களுக்குப் போக வேண்டிய சம்பளத்தை நீங்கள் ஐவரும் உங்கள் தூக்கத்திலிருந்தும் வீட்டாரோடு சாப்பிடும் இரவுச் சாப்பாட்டிலிருந்தும் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இதை உங்கள் மன உறுதிக்கு வந்த சோதனையாக நீங்கள் பார்க்கிறீர்கள். எனக்கு இது ஆள் எடுக்காததால் வந்த பற்றாக்குறையாக மட்டுமே தெரிகிறது.

இளைஞர்கள் வாரம் 70 மணி உழைக்க வேண்டும் என்று 2023-இல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி சொன்னதும், 2025 தொடக்கத்தில் எல் அண்டு டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி வரை போனதும் உங்கள் அலுவலகத்திலும் பேசப்பட்டிருக்கும். ஒரு நிறுவனத்தைத் தாமே கட்டி எழுப்பியவர் தமக்கு விதித்துக்கொண்ட உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் மருத்துவராக நான் பார்க்க வேண்டியது உடம்பு சொல்வதை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35 முதல் 40 மணி வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால் 55 மணியும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுகின்றன. 2016 என்ற ஓர் ஆண்டில் மட்டும் நீண்ட வேலை நேரத்தோடு தொடர்புடைய இந்த இரண்டு நோய்களால் உலகில் ஏறத்தாழ 7 லட்சத்து 45 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

இத்தனையும் கொடுத்து நிறுவனத்துக்காவது வேலை கூடுதலாக நடக்கிறதா என்றால், அதுவும் சந்தேகமே. முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில், பெரும்பாலும் பெண் தொழிலாளர்கள், எத்தனை மணி உழைத்து எவ்வளவு செய்தார்கள் என்று குறித்துவைக்கப்பட்ட கணக்குகளை ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் ஜான் பென்காவெல் ஒரு நூற்றாண்டு கழித்து ஆராய்ந்தார். வாரம் ஏறக்குறைய 50 மணி வரை உழைப்பு கூடக் கூட உற்பத்தியும் அதே அளவில் கூடியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மணிக்கும் கிடைத்தது குறைந்துகொண்டே போனது. 70 மணி வேலை செய்தவர்கள் 56 மணி வேலை செய்தவர்களைவிட ஏதோ கொஞ்சம்தான் கூடுதலாகச் செய்திருந்தார்கள். எண்ணிப் பார்க்கக்கூடிய குண்டுகளுக்கே இந்தக் கதி என்றால், இரவு பதினொரு மணிக்கு எழுதப்பட்டு மறுநாள் மூன்று முறை சரிபார்க்கப்படும் கோடின் நிலையை நீங்களே அறிவீர்கள்.

இதை நான் ஏட்டில் படித்து மட்டும் சொல்லவில்லை. ஹவுஸ் சர்ஜனாக இருந்த ஆண்டில், முப்பது மணி நேரத்தைத் தாண்டிய ஒரு டியூட்டியின் விடியற்காலையில், ஒரு குழந்தைக்கு எழுதிய மருந்தின் அளவில் புள்ளியை ஓர் இடம் தள்ளி வைத்துவிட்டேன். பத்து மடங்கு. கேஸ் ஷீட்டைக் கையில் வாங்கிய மூத்த செவிலியர் என்னைத் திட்டவில்லை. வார்டுக்கு வெளியே அழைத்துவந்து, “டாக்டர், இந்த டோஸை இன்னொரு தடவை பாருங்க” என்று மெதுவாகச் சொன்னார். நான் பார்த்தேன், முதல் பார்வையில் எனக்குத் தவறே தெரியவில்லை. அவர் விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. அந்த விரலும் அதன் கீழே என் கையெழுத்தும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைத்திறனும் மது அருந்தியவருக்கு இணையாகத் தடுமாறுகின்றன என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டியதைப் படித்தபோது, எனக்கு அந்த விடியற்காலைதான் நினைவுக்கு வந்தது. களைத்தவருக்குத் தம் தவறு தெரியாமல் போவதுதான் இதில் பெரிய ஆபத்து.

வளரும் நிறுவனங்களில் சில காலம் எல்லோரும் கூடுதலாக இழுத்துப்பிடிக்க வேண்டியிருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. புதிய தயாரிப்பை வெளியிடும் மூன்று வாரங்களுக்கு இரவு பகல் பாராமல் உழைத்து, முடிந்ததும் நான்கு நாள் தூங்கி எழுந்தவர்கள் யாரும் என்னிடம் வந்ததில்லை. அந்த மூன்று வாரங்களைப் பெருமையோடு பேசுபவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். என்னிடம் வருபவர்கள், இந்தக் காலாண்டு முடியட்டும் என்று எட்டுக் காலாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். முடியும் தேதி சொல்லப்படாத நெருக்கடியை மனித உடம்பு நெருக்கடியாக எடுத்துக்கொள்வதில்லை; அதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டு சோர்ந்துபோகிறது.

பங்குகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2021-இல் சென்னையில் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸ் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானபோது அதன் ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்ற செய்தி, இந்தச் சாலையில் வேலை பார்க்கும் ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு விதையைப் போட்டது. அந்த நம்பிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதினொரு மாதம் என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள். ஒரு பட்டயக் கணக்காளரிடம் தாள்களைக் கொடுத்து, பங்கை வாங்க நீங்கள் கட்ட வேண்டிய விலை, வாங்கும்போது சம்பளமாகக் கருதிப் போடப்படும் வரி, ஏற்கெனவே உங்களுடையதாகிவிட்ட முக்கால் பங்கை வேலையை விட்ட பிறகு எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை ஆகிய மூன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பட்டியலிடப்படாத நிறுவனத்தின் பங்கை விற்க வேண்டுமென்றால், அதை வாங்க ஓர் ஆள் கிடைக்க வேண்டும். எல்லாம் போகக் கடைசிக் கால் பங்கின் இன்றைய மதிப்பு என்ன என்று ஒரு தொகை கையில் வந்தால், பதினொரு மாதம் இப்படியே இருப்பதற்கு அது போதுமா என்ற கேள்விக்கு நீங்களும் உங்கள் மனைவியும் நிதானமாகப் பதில் தேடலாம்.

இப்போது செய்ய வேண்டியதற்கு வருகிறேன். ராஜினாமாக் கடிதத்தை இன்று எழுத வேண்டாம். களைத்துப்போனவர் எடுக்கும் பெரிய முடிவு, நான் எழுதிய அந்த மருந்தளவு மாதிரி. முதலில் மூன்று வார விடுப்பு எடுங்கள். மருத்துவச் சான்றிதழோடு எடுங்கள். கோவில் திருவிழா, உறவினர் திருமணம் என்று வேறு காரணம் சொல்லாதீர்கள். உண்மையான காரணம் ஒரு முறையாவது ஹெச்.ஆர். கோப்பில் ஏறட்டும், உங்களுக்குப் பின்னால் வருபவருக்கும் அது உதவும்.

விடுப்புக்குப் போவதற்கு முன் பத்து நாள், ஒரு சிறு நோட்டில், எந்த நேரத்தில் எந்த வேலை செய்தீர்கள், அது யாருடைய வேலை என்று குறித்துவையுங்கள். மேலதிகாரியிடம் பேசும்போது களைப்பாக இருக்கிறது என்று தொடங்கினால், அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவார். நோட்டை விரித்து வைத்து, இதில் 70 மணி நேர வேலை இருக்கிறது, என்னால் 48 மணி தர முடியும், மீதியில் எதை நிறுத்தலாம், எதற்கு ஆள் எடுக்கலாம் என்று கேளுங்கள். இரவு அழைப்புகளுக்கு முறை வைத்து, ஒருவருக்கு வாரத்தில் ஓர் இரவு என்று பிரிக்கச் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தாலும் பேச்சு எண்களில் நிற்கும். உங்கள் மன உறுதியை அளக்கும் பேச்சாக மாறாது. சட்டத்தின் நேர வரம்பு நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்று அவர்கள் சொல்லக்கூடும். டீம் லீட் என்ற பெயர் மட்டுமே ஒருவரை நிர்வாகி ஆக்கிவிடுமா என்பதைத் தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. வழக்குப் போடுவதற்காகச் சொல்லவில்லை, உங்கள் இடம் எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் ஏற்கத் தயங்கக்கூடிய ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களைப் போன்றவர்களிடம் பேசும்போது, தான் இல்லாவிட்டால் அங்கே ஒன்றும் நகராது என்ற எண்ணம் ஏதோ ஒரு கட்டத்தில் வெளியே வரும். அதில் கவலையோடு கொஞ்சம் இனிப்பும் கலந்திருக்கும். உங்களுக்கு மட்டுமே தெரிந்த வேலைகள் எவை என்று பட்டியல் போட்டு, அவற்றை அந்தப் புதிய பையனுக்குக் கற்றுக்கொடுங்கள். அதற்கு முன் அவனைத் தனியே அழைத்து, அன்று கத்தியது தவறு என்று சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் கத்தினீர்கள் என்பதால், மறுநாள் காலைக் கூட்டத்திலும் ஒரு வாக்கியம் சொல்லிவிடுங்கள். அவனுக்கு இது முதல் வேலையாக இருந்தால், வேலை என்றால் இப்படித்தான் என்று அவன் மனத்தில் பதிந்துவிடக் கூடாது.

விடுப்பின் முதல் வாரம் நீங்கள் நினைப்பதுபோல் இருக்காது. நிறையத் தூங்குவீர்கள், தூங்கி எழுந்ததும் களைப்பு கூடியதுபோலவே இருக்கும், அடிக்காத போன் அடித்ததுபோல் கை தானாகப் போகும். என்னிடம் வந்த ஒருவர் பேசிய முக்கால் மணி நேரத்தில் பதினொரு முறை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். போனை வெளியே மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அந்த வாரத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். அலுவலக லேப்டாப்பை அலுவலகத்திலேயே விட்டுவிடுங்கள். ஊரில் அப்பாவோடு இருக்க முடிந்தால் இருங்கள்.

மூன்றாவது வாரத்தில், திரும்பிப் போகும் நாளை நினைத்துப் பாருங்கள். வயிறு கலங்காமல் இருந்து, இரண்டு ஆட்களை எடுக்கும் பேச்சுக்கு எழுத்தில் பதிலும் வந்திருந்தால், பதினொரு மாதத்தைப் பற்றி அப்போது யோசிக்கலாம். பேச்சு பேச்சாகவே நின்று, ஞாயிறு மாலை ஞாயிறு மாலையாகவே இருந்தால், நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று பார்த்து, வேறு இடம் தேடத் தொடங்குங்கள். எது நடந்தாலும் எனக்கு எழுதுங்கள். அதற்கு முன், இன்று இரவு, விபத்தைப் பற்றிய அந்த வரியை மனைவிக்குப் படித்துக் காட்டுங்கள்.